ஒரு சீசனில் 76 ஆட்டம் பந்து போட்ட மூன்று பேர்

கேள்வி இதுதான்: தொழில்முறை பேஸ்பாலின் ஆரம்ப காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டில், அதிக ஆட்டங்களில் பந்து போட்ட பிட்சர் யார்? ஒரே ஆள் ஒரு வருடத்தில் 70 ஆட்டத்துக்கு மேல் போட்டதாகப் புள்ளிவிவரப் பட்டியல்களில் இருக்கிறதே, அது நிஜமா, அச்சுப்பிழையா?

நிஜம்தான். நேரடி பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே சீசனை மட்டும் எடுத்துக்கொண்டால் முதலிடத்தில் ஒருவர் இல்லை, மூன்று பேர் சமமாக நிற்கிறார்கள். 1879இல் சின்சினாட்டி அணியின் வில் வைட், 1883இல் பஃபலோ அணியின் பட் கால்வின், அதே 1883இல் பிராவிடன்ஸ் அணியின் சார்லஸ் ராட்போர்ன். மூவருக்கும் 76 ஆட்டங்கள். அவர்களுக்கு ஒரே ஒரு படி கீழே, 75 ஆட்டங்களுடன் இன்னும் மூன்று சீசன்கள்: 1884இல் மறுபடியும் ராட்போர்ன், அதே வருடம் லூயிவில் அணியின் கய் ஹெக்கர், 1892இல் சிகாகோவின் பில் ஹட்சின்சன். மொத்த வாழ்க்கைக் கணக்கு என்றால் கால்வின், 705 ஆட்டங்கள். அவரைத் தாண்டியவர் சை யங். ஆனால் அவர் 1890இல்தான் வந்தார், ஏறத்தாழ பாதியை 20ஆம் நூற்றாண்டில் ஆடியவர். அதனால் அவரை 'ஆரம்ப கால' ஆள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த 76 என்ற எண்ணை இன்றைய கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இன்றும் 70, 75 ஆட்டங்களில் தலைகாட்டும் பிட்சர்கள் இருக்கிறார்கள். கடைசி நேரத்தில் வந்து ஒரு இன்னிங்ஸ் (பேஸ்பாலில் இது மூன்று பேர் அவுட்டாகும் வரையிலான சிறு சுற்று) போட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் வந்தார். அதை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. அந்த 106 ஆட்டங்களில் அவர் போட்டது 208 இன்னிங்ஸ், ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு. வில் வைட் 76 ஆட்டங்களில் போட்டது 680 இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் சராசரி கிட்டத்தட்ட ஒன்பது! 75 ஆட்டங்களை அவரே தொடங்கினார், அந்த 75ஐயும் அவரே முடித்தார். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்று வைத்தால், ஐந்து மாதத்தில் 2,040 பேரை அவுட்டாகும் வரை ஒற்றை ஆளாக எதிர்கொண்டிருக்கிறார். இந்த 680 இன்னிங்ஸும், 75 முழு ஆட்டங்களும் இன்றுவரை சாதனையாக நிற்கின்றன. இனி யாரும் அருகில்கூடப் போக முடியாது.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்திவிட்டால் இதன் கனம் சட்டென்று புரியும். கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பௌலராக இருந்தாலும் அடுத்தடுத்த இரண்டு ஓவர் போட முடியாது. மறுமுனையில் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். பேஸ்பாலில் அப்படி விதி எதுவும் கிடையாது. அணியின் ஒவ்வொரு பந்தையும் ஒரே ஆள் போடலாம். 1870களில் அணி முதலாளிகள் அதைத்தான் செய்தார்கள்.

சரி, உடம்பு எப்படித் தாங்கியது?

அப்போது போட்ட பந்து இன்று நாம் பார்க்கும் பந்துவீச்சே இல்லை. கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் எறிய வேண்டும் என்பது விதி. நம் ஊர்ப் பையன்கள் தெருவில் சின்னக் குழந்தைக்குப் போடுவார்களே, கிட்டத்தட்ட அந்த அண்டர்ஆர்ம். 1872 முதல் மணிக்கட்டைச் சுண்டிப் போட அனுமதி வந்தது, அதோடு வளையும் பந்தும் வேகமும் வந்துவிட்டன. ஆனாலும் தோளைச் சுழற்றும் வேலை இல்லை. கிரிக்கெட்டில் ஓவர்ஆர்ம் 1864இல் சட்டபூர்வமானது. பேஸ்பாலின் நேஷனல் லீக் தோளுக்கு மேல் கையைத் தூக்கிப் போட அனுமதித்தது 1884இல். இருபது வருடம் பின்தங்கி வந்திருக்கிறார்கள்.

தூரமும் குறைவு. 1880 வரை பிட்சர் நின்ற கட்டம் பேட்டரிடமிருந்து வெறும் 45 அடி. 1881இல் அது 50 அடியானது. இன்றைக்கு 60 அடி 6 அங்குலம். நின்ற இடமும் மேடு அல்ல, தரையில் கோடு போட்ட ஒரு கட்டம். அதற்குள் ஒன்றிரண்டு அடி எடுத்து வைத்து ஓடியும் போடலாம். மேட்டிலிருந்து சரிந்து இறங்கும்போது தோளுக்கும் முழங்கைக்கும் வரும் அதிர்ச்சி அங்கே இல்லை.

பேட்டருக்கும் அப்போது தனிச் சலுகை இருந்தது. 'எனக்கு மேலே போடு' அல்லது 'கீழே போடு' என்று அவர் கேட்கலாம். பிட்சர் அந்த உயரத்தில்தான் போட வேண்டும். 1887இல்தான் இந்த வழக்கம் போனது. அதாவது முதலில் இந்த விளையாட்டு, பேட்டரை அடிக்கவைத்து, ஃபீல்டர்களை ஓடவைக்கும் விளையாட்டு. பிட்சரின் வேலை பந்தை ஆட்டத்துக்குள் விடுவதுதான். ஒவ்வொரு பேட்டரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்ய, அதாவது பந்தை அடிக்கவே விடாமல் அவுட்டாக்க, உயிரைக் கொடுத்து எறிய வேண்டியதில்லை. சிக்ஸர் போன்ற ஹோம் ரன்னும் அபூர்வம், அதனால் பாதி வேகத்தில் போட்டாலும் ஆபத்து குறைவு. 1879இல் ஒன்பது மோசமான பந்து போட்டால்தான் பேட்டருக்கு முதல் பேஸுக்கு இலவச நடை. அது படிப்படியாகக் குறைந்து 1889இல்தான் இன்றைய நான்கானது.

உடம்பு தாங்கியதைவிடப் பெரிய காரணம் எனக்குப் பணமாகத்தான் தெரிகிறது. அணியில் மொத்தமே பத்து, பதினொன்று, பன்னிரண்டு பேர். சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு ஆளும் முதலாளிக்குப் பாரம். சீசனில் 60, 80 ஆட்டம்தான். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆட்டம், நேஷனல் லீக்கில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. ஒரு நல்ல பிட்சர் போதும், இரண்டாவது ஆள் எதற்கு? அப்படியே இரண்டாவது ஆள் இருந்தாலும் அவரை 'மாற்றுப் பிட்சர்' என்று சொல்லி ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலது கோடியில், நிறுத்தி வைப்பார்கள். ஏனென்றால் ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து புது ஆளை இறக்க முடியாது. காயமோ உடம்பு சரியில்லாமல் போவதோ நடந்தால்தான், அதுவும் எதிரணி சம்மதித்தால்தான். முதல் பிட்சர் அடி வாங்கினால், அவரும் ரைட் ஃபீல்டில் நிற்பவரும் இடம் மாறிக்கொள்வார்கள், அவ்வளவுதான். விரும்பியபடி ஆள் மாற்றலாம் என்ற விதி 1891இல் வந்தது. ராட்போர்னுக்கு 1883இல் 76 ஆட்டம் இருந்தும் தொடக்கம் 68தான் என்று பட்டியலில் பார்த்தால் குழம்ப வேண்டாம். மீதி எட்டில் அவர் நடுவில் வந்து போட்டார்.

பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம். இந்த 680 இன்னிங்ஸ் பந்துகளைப் பிடித்தவர்கள் வெறும் கையாலோ, விரல் வெட்டிய தோல் உறையாலோ பிடித்தார்கள். முகக்கவசம் வந்ததே 1877 வாக்கில்தான். உண்மையில் அந்தக் காலத்தில் அடிக்கடி ஓய்வு தேவைப்பட்டது கேட்சருக்குத்தான்.

இனி எண்ணிக்கைக்குள் போகலாம். 76 என்பது பெரிய எண்தான், ஆனால் அணி ஆடிய மொத்த ஆட்டங்களில் எவ்வளவு பங்கு என்று பார்ப்பதுதான் நியாயம் என்பேன். அப்படிப் பார்த்தால் முதலிடம் வைட்டுக்கும் இல்லை, ராட்போர்னுக்கும் இல்லை. லூயிவில் கிரேஸ் அணியின் ஜிம் டெவ்லின் அவர்களை மிஞ்சுகிறார்.

நேஷனல் லீக் தொடங்கிய 1876இல் லூயிவில் 69 ஆட்டம் ஆடியது. டெவ்லின் 68இல் போட்டார், 622 இன்னிங்ஸ். அடுத்த வருடம் அணி ஆடியது 61 ஆட்டம். டெவ்லின் 61ஐயும் தொடங்கினார், 61ஐயும் முடித்தார், 559 இன்னிங்ஸ். அந்த வருடம் லூயிவில் அணியில் வேறு யாரும் ஒரு பந்துகூடப் போடவில்லை. பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள். அணியின் கணக்கு 35 வெற்றி, 25 தோல்வி, ஒன்று சமன். டெவ்லினின் கணக்கும் அதேதான். இரண்டு வருடத்தில் 130க்கு 129.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1877 ஆகஸ்டில் லூயிவில் முதலிடத்தில் இருந்தது. கிழக்குப் பக்கம் பயணம் போன இடத்தில் திடீரென்று தோற்க ஆரம்பித்தது. விசாரித்ததில், சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது தெரியவந்தது. தந்திகள்தான் காட்டிக்கொடுத்தன. டெவ்லின் உட்பட நான்கு பேருக்கு வாழ்நாள் தடை. யோசித்துப் பாருங்கள், ஒரே ஆள் எல்லாப் பந்தையும் போடும் அணியில் சூதாடிக்கு வேலை எவ்வளவு சுலபம்! ஒன்பது பேரை வளைக்க வேண்டாம், அந்த ஒருவரைப் பிடித்தால் போதும். டெவ்லின் பல வருடம் மன்னிப்புக் கேட்டு அலைந்தார், லீக் இரங்கவில்லை. பிலடெல்பியாவில் போலீஸ்காரராக வேலை பார்த்து, 1883இல் காசநோயில் இறந்தார். கால்வின், ராட்போர்ன் பெயர்களைச் சொல்கிறவர்கள் டெவ்லினை விட்டுவிடுவதற்கு இந்தக் கறைதான் காரணம். எண்களுக்குக் கறை தெரியாது, அதனால் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

1876க்கும் முன்னால் போனால் ஒரு சிக்கல் வருகிறது. முதல் தொழில்முறை லீக் 1871 முதல் 1875 வரை நடந்த நேஷனல் அசோசியேஷன். அதை 'மேஜர் லீக்', அதாவது முதல்தர லீக், என்று சேர்ப்பதா கூடாதா என்பதில் 1969இல் ஒரு சிறப்புக் குழு உட்கார்ந்து, சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது. அதனால்தான் ஒரே ஆளுக்கு இரண்டு பட்டியல்களில் இரண்டு எண் இருக்கும். கால்வினுக்கு ஒரு இடத்தில் 705 ஆட்டம், 365 வெற்றி. இன்னொரு இடத்தில் 697 ஆட்டம், 361 வெற்றி. வித்தியாசம், அவர் 1875இல் செயிண்ட் லூயிஸ் அணிக்கு ஆடிய எட்டு ஆட்டங்கள். கேள்வியில் 'மேஜர் லீக்' என்று இல்லாமல் 'தொழில்முறை' என்று இருப்பதால் அசோசியேஷனையும் சேர்ப்பதுதான் சரி.

சேர்த்தால் இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். பின்னாளில் விளையாட்டுப் பொருள் கம்பெனி நடத்திய அதே ஸ்பால்டிங்தான். கூடைப்பந்தில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1874இல் பாஸ்டன் அணிக்காக 71 ஆட்டம், 617 இன்னிங்ஸ், 52 வெற்றி. அந்த வருடம் பாஸ்டன் ஜெயித்ததே 52 ஆட்டம்தான். அடுத்த வருடம் 54 வெற்றிக்கு வெறும் 5 தோல்வி. இன்னொருவர் பாபி மேத்யூஸ், 1875இல் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணிக்கு 70 ஆட்டம். 1871 மே 4ஆம் தேதி, அசோசியேஷனின் முதல் ஆட்டத்திலேயே ஃபோர்ட் வேன் அணிக்காக 2-0 என்று ஜெயித்துக் கொடுத்தவர் இவர். அவ்வளவு பழைய ஆள். ஆனால் இரண்டு பேருமே 76ஐத் தொடவில்லை, ஆகவே பதில் மாறாது.

வில் வைட்டைப் பற்றிக் கொஞ்சம். மைதானத்தில் மூக்குக்கண்ணாடி போட்டு ஆடிய முதல் மேஜர் லீக் ஆட்டக்காரர் அவர்தான். 1879இல் சின்சினாட்டி ஆடியது 81 ஆட்டம், அதில் 76 அவருடையது. அணி ஜெயித்த ஆட்டங்கள் 43. வைட் ஜெயித்ததும் 43. வைட் போடாத ஒரு நாளில்கூட அந்த அணி ஜெயிக்கவில்லை என்று அர்த்தம். இவ்வளவு செய்தும் அணி ஐந்தாவது இடம்தான். அவருடைய அண்ணன் டீக்கன் வைட் பெயர்பெற்ற கேட்சர், இருவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரும் பஃபலோவில் கண்ணாடிக் கடை வைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். வேறு என்ன கடை வைப்பார்!

ராட்போர்ன் கதைதான் எல்லோரும் சொல்லும் கதை. சொல்லச் சொல்லப் புராணமாகிவிட்டது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 1883இல் 76 ஆட்டம், 48 வெற்றி. அடுத்த வருடம் பிராவிடன்ஸ் அணிக்கு இன்னொரு நல்ல பிட்சர் இருந்தார், சார்லி ஸ்வீனி. ஜூன் மாதம் ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த இளைஞர். இரண்டு பேருக்கும் ஆகாது. ஜூலையில் ராட்போர்ன் ஏதோ கோபத்தில் ஆட்டத்தைக் கெடுத்தார் என்று நிர்வாகம் அவரை நிறுத்தி வைத்தது. சில நாளில், ஜூலை 22 அன்று, பிலடெல்பியாவுக்கு எதிராக ஸ்வீனி முன்னிலையில் இருக்கும்போது, மேனேஜர் ஃபிராங்க் பேன்கிராஃப்ட் அவரை ரைட் ஃபீல்டுக்குப் போகச் சொன்னார். ஸ்வீனி மறுத்து, மைதானத்தை விட்டே வெளியேறிவிட்டார். மேலே சொன்ன விதிப்படி வெளியிலிருந்து ஆள் இறக்க முடியாது. எட்டு பேரோடு ஆடிய பிராவிடன்ஸ் கையிலிருந்த ஆட்டத்தைத் தோற்றது.

அணியையே கலைத்துவிடலாமா என்று யோசிக்கும் நிலை. அப்போது ராட்போர்ன் பேரம் பேசினார்: மீதி ஆட்டமெல்லாம் நானே போடுகிறேன், கூடுதல் பணம் வேண்டும், சீசன் முடிந்ததும் என்னை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க வேண்டும். விசுவாசம், தியாகம் என்றெல்லாம் பின்னால் எழுதினார்கள். எனக்கென்னவோ இது தன் கைக்கு என்ன விலை என்று தெரிந்த தொழிலாளியின் பேரம்தான். அப்போதைய விதிப்படி அணி விரும்பும்வரை ஆட்டக்காரர் அங்கேயே கிடக்க வேண்டும். வேறு அணிக்குப் போகும் உரிமை கிடையாது. அந்த உரிமையைத்தான் கேட்டார்.

ஜூலை 23 முதல் செப்டம்பர் 24 வரை பிராவிடன்ஸ் ஆடிய 43 ஆட்டங்களில் 40ஐ ராட்போர்ன் தொடங்கி, 36ஐ ஜெயித்தார். நடுவில் அணி தொடர்ச்சியாக 20 ஆட்டம் ஜெயித்தது. தலைவாரக் கையைத் தூக்க முடியாத அளவுக்கு வலி என்று சொல்வார்கள். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வந்து, சில அடி தூரத்திலிருந்து மெதுவாகப் போட ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, கடைசியில் நடு மைதானத்திலிருந்து எறிந்து கையைச் சூடுபடுத்திக்கொள்வாராம். சீசன் முடிவில் 75 ஆட்டம், 73 தொடக்கம், 73 முழு ஆட்டம், 678 இன்னிங்ஸுக்கும் மேல், 441 ஸ்ட்ரைக் அவுட். அது முடிந்ததும் அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸோடு சாம்பியன் தொடர்: அடுத்தடுத்து மூன்று நாள், மூன்று ஆட்டம், மூன்றையும் ராட்போர்னே போட்டு ஜெயித்தார். எதிரணியின் பெரிய பிட்சர் டிம் கீஃப் முதல் இரண்டில் தோற்று, மூன்றாவது ஆட்டத்தில் அம்பயராக நின்றார். இன்று நடந்தால் சிரித்துவிடுவோம்.

அந்த வருட வெற்றி 59ஆ, 60ஆ என்று ஒரு பழைய வழக்கு உண்டு. ஜூலை 28 ஆட்டத்தை சைக்ளோன் மில்லர் தொடங்கி ஐந்து இன்னிங்ஸ் போட்டு, முன்னிலையோடு விட்டுப் போனார். மீதி நான்கை ராட்போர்ன் போட்டார். அன்றைய ஸ்கோரர் வெற்றியை ராட்போர்ன் பெயரில் எழுதினார். இன்றைய விதிப்படி அது மில்லருடையது. புத்தகத்தில் 60 என்று பார்த்தால் அது அன்றைய ஸ்கோரர் கணக்கு, 59 என்றால் இன்றைய விதி. ஆட்ட எண்ணிக்கை 75 மட்டும் எந்தக் கணக்கிலும் மாறாது.

ராட்போர்ன் பிறகு இலினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டனில் மதுக்கடை நடத்தினார். வேட்டையில் நடந்த விபத்தில் ஒரு கண் போய், 1897இல் 42 வயதில் இறந்தார்.

கால்வினுக்கு இப்படி ஒரு நாடகம் கிடைக்கவில்லை, அதனால் அவர் பெயர் அவ்வளவாகப் பரவவில்லை. குட்டையான, பருத்த உடல். 'குட்டி நீராவி எஞ்சின்' என்று பட்டப்பெயர். 1883இல் 76 ஆட்டம், 656 இன்னிங்ஸ், 46 வெற்றி. அணி ஜெயித்ததே 49. அடுத்த வருடமும் 72 ஆட்டம், 636 இன்னிங்ஸ், மறுபடி 46 வெற்றி. இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 1,292 இன்னிங்ஸ். ராட்போர்னின் அதே இரண்டு வருடக் கூட்டல் இதைவிடச் சற்று அதிகம், 1,311. ஆனால் ராட்போர்ன் அதற்குப் பிறகு பழைய ராட்போர்னாக இல்லை. கால்வின் 1892 வரை போட்டுக்கொண்டே இருந்தார். மொத்தம் 6,003 இன்னிங்ஸ், 646 முழு ஆட்டம். இரண்டிலும் அவருக்கு மேலே இன்றுவரை சை யங் ஒருவர்தான். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் உண்மையான உழைப்பாளி கால்வின்தான். 1889இல் பிரௌன்-செகார் என்ற மருத்துவர் விலங்குகளின் விதைப்பையிலிருந்து எடுத்த சாற்றை 'இளமை மருந்து' என்று பரப்பியபோது, கால்வின் அதைப் போட்டுக்கொண்டு ஆடி ஜெயித்தார் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அன்று யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை, மருந்துக்கு விளம்பரமாகத்தான் எழுதினார்கள். 1902இல் பிட்ஸ்பர்க்கில் வறுமையில் இறந்தார். பேஸ்பாலின் மேதைகளுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்க 1965 ஆனது.

'அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு, இப்போது எல்லாம் மெழுகு' என்று பேசுகிறவர்கள் இந்த எண்களைத்தான் காட்டுவார்கள். அவர்கள் காட்டாத ஆட்கள் இருக்கிறார்கள். லீ ரிச்மண்ட் 1880இல் வூஸ்டர் அணிக்கு 74 ஆட்டம் போட்டார், 590 இன்னிங்ஸ். பிரௌன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ஜூன் 12ஆம் தேதி, மேஜர் லீக் வரலாற்றின் முதல் 'பெர்ஃபெக்ட் கேம்' போட்டவர். அதாவது எதிரணியில் ஒருவரையும் முதல் பேஸுக்குக்கூட விடவில்லை. மூன்று வருடத்தில் அவர் கை முடிந்துபோனது. மருத்துவம் படித்து, பின்னால் ஓஹியோவில் பள்ளி ஆசிரியரானார். அதே 1880இல் 74 ஆட்டம் போட்ட இன்னொருவர், கிளீவ்லாண்டின் ஜிம் மெக்கார்மிக், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 657 இன்னிங்ஸ், 45 வெற்றி, போதாததற்கு 23 வயதில் அணியின் மேனேஜரும் அவரே. தன்னைத்தானே தினமும் போடச் சொல்லிக்கொண்டார் போல. பால்டிமோரின் மேட் கில்ராய் 1886இல் முதல் வருடமே 513 ஸ்ட்ரைக் அவுட், அடுத்த வருடம் 46 வெற்றி. அதற்குப் பிறகு கை வலியோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம். கவனியுங்கள், கில்ராய் வந்த காலத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போடும் முறை வந்துவிட்டது. பழைய எண்ணிக்கையும் புது வீச்சும் சேர்ந்து ஒரே தோளில் விழுந்தன.

அந்தக் காலத்தில் 75 ஆட்டம் போட்ட கடைசி ஆள் பில் ஹட்சின்சன். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1890 முதல் 1892 வரை சிகாகோவுக்கு 71, 66, 75 ஆட்டங்கள். கடைசி வருடம் மட்டும் 622 இன்னிங்ஸ், முந்நூறுக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட். 1893இல் பந்து போடும் இடத்தை 60 அடி 6 அங்குலத்துக்குத் தள்ளி, கட்டத்தை எடுத்துவிட்டு ஒரு ரப்பர் பலகையைப் பதித்தார்கள். 50 அடியிலிருந்து பத்தரை அடி கூடிவிட்டது என்று பல இடங்களில் எழுதுவார்கள், அது முழு உண்மையல்ல. 1887 முதலே பிட்சரின் பின்னங்கால் 55 அடி 6 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. உண்மையில் கூடியது ஐந்து அடி. அந்த ஐந்து அடியே போதுமாக இருந்தது. ஹட்சின்சனின் ஸ்ட்ரைக் அவுட் ஒரே வருடத்தில் 80 ஆக இறங்கியது. அந்த 1893இல் மிக அதிகமாகப் போட்டவர் நியூயார்க்கின் ஏமஸ் ரூசி, 56 ஆட்டம், 482 இன்னிங்ஸ். அதற்குள் ஆள் மாற்றும் விதியும் தளர்ந்து, சீசனும் நீண்டுவிட்டதால், மூன்று நான்கு பிட்சர்கள் முறை வைத்துப் போடுவது வழக்கமாகியது.

76 எவ்வளவு நாள் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1908இல் சிகாகோவின் எட் வால்ஷ் 66 வரை வந்தார். 1950இல் பிலடெல்பியாவின் ஜிம் கான்ஸ்டான்டி, நடுவில் மட்டுமே வந்து போடும் பிட்சராக 74ஐத் தொட்டார். 1964இல்தான் கான்சாஸ் சிட்டியின் ஜான் வயட் 81 ஆட்டத்தில் வந்து வைட்டையும் கால்வினையும் ராட்போர்னையும் தாண்டினார். அவர் அணி ஆடிய ஆட்டங்களில் அது ஏறத்தாழ பாதி. வில் வைட் 1879இல் போட்ட அதே பங்கை இன்றைய 162 ஆட்ட சீசனுக்குப் பொருத்திப் பார்த்தால் 152 ஆட்டம் வருகிறது, ஒவ்வொன்றும் ஒன்பது இன்னிங்ஸ்.